இரும்பு மாப்பிள்ளை

வாங்க மாப்பிள்ளை, வாங்க. இந்தக் கவுத்துக் கட்டல்லயே உக்காருங்க. அதென்னுங்க கையில, கெரயப் பத்திரமாட்ட சுருட்டி வெச்சிருக்கறீங்க? அட, ரத்தம் பார்த்த சீட்டுங்களா! கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். டீக்கடையில ஒருக்கா வாசிச்சீங்களாமா. சலூன்ல ஒருக்கா வாசிச்சீங்களாமா. ஃபெரிட்டின் 900, ஊர்ல இருக்கற ஆம்பளைக்கெல்லாம் 300க்குள்ள, எனக்கு மூணு பங்கு, நானெல்லாம் இரும்பு மனுசன்னு சொன்னீங்களாமா.

ரொம்பச் சந்தோசமுங்க. எங்க வகையறாவுல இதுவரைக்கும் இரும்புல மாப்பிள்ளை எடுத்ததில்லை. தங்கத்துல தேடுனோம், கெடைக்கல.

நாடே இரும்புக்கு அல்லாடிட்டு இருக்குதுங்க. 2019ல இருந்து 2021 வரைக்கும் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குல, 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்கற பொம்பளைங்கள்ல 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதுல ஒருத்தி உங்க ஊட்டுலயே இருக்கறா, என்ற பேத்தி. ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்கற மாத்திரையை முழுங்கிட்டு, ரெண்டு படி ஏறுனா மூச்சு வாங்கறா. நீங்க அந்த மாத்திரையைத் தொடறதில்லை, முருங்கைக்கீரையைக் கண்டா மொகத்தைச் சுளிக்கறீங்க, பொழுதோட ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான். இருந்தும் இரும்பு கொட்டிக் கெடக்குது. இந்த ரகசியம் தெரியாம கவர்மெண்டு கோடிக்கணக்குல மாத்திரை வாங்குது பாருங்க.

எனக்கும் வெவரம் தெரியாதுங்க. எட்டாங்கிளாசோட மாட்டைப் புடிச்சவன் நானு. சின்னப் பேத்தி கோயமுத்தூர்ல லேப் படிப்புப் படிக்கறாள்ல, அவளைக் கூப்புட்டு உங்க சீட்டைப் பத்திக் கேட்டேன். முதல்ல இங்கிலீசுல சொன்னா. தமிழ்ல சொல்லு சாமின்னேன். தமிழ்ல சொன்னா, அதுவும் புரியல. அப்பறம் வாய்க்கா, மடை, லஸ்கருன்னு நானே ஒண்ணொண்ணா மாத்திக் கேட்டேன். அதேதான் அப்பாரு, அதேதான்னா. அந்தத் தெம்புலதான் உங்களைக் கூப்புட்டு விட்டேன்.

ஒரு ஆம்பளை ஒடம்புல மொத்தம் எத்தனை இரும்பு இருக்குதுன்னு நெனைக்கறீங்க? மூணு நாலு கிராமுங்க. உருக்கி அடிச்சா ஒரு சின்ன ஆணி வரும். இரும்பு மனுசனோட மொத்தச் சொத்து அந்த ஒரு ஆணிதான். அதுல மூணுல ரெண்டு பங்கு ரத்தத்துலயே ஓடிட்டு இருக்கும். ரத்தத்துல இருக்கற செவப்பணுவுக்கு 120 நாள் ஆயுசு. செத்த அணுவை ஒடைச்சு, அதுல இருக்கற இரும்பைப் பொறுக்கி, தெனம் 20, 25 மில்லிகிராம் புது ரத்தத்துக்கே ஒடம்பு திருப்பிக் குடுத்துரும். நம்மூருப் பழைய இரும்புக்காரன் கெட்டான் போங்க. புதுசா சோத்துல இருந்து எடுத்துக்கறது ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டு மில்லிகிராம்தான்.

ஏன் இத்தனை கஞ்சத்தனம்னு கேட்டேன். அவ சொன்னா, உப்பு எச்சானா மூத்திரத்துல போயிரும், இரும்பு எச்சானா போறதுக்கு வழியே இல்லையாமா. தோல் உதிர்றதுலயும் குடல் உதிர்றதுலயும் அந்த ஒண்ணு ரெண்டு மில்லிகிராம் போகும். பொம்பளைக்கு மாசாமாசம் கொஞ்சம் போகும். ஆம்பளைக்கு அதுவும் இல்லை. மடை இருக்குது, வடிகால் இல்லை. ரொம்ப ஏறிப்போனா ரத்தத்தைப் புடிச்சுத்தான் எறக்கோணுமாமா, அரை லிட்டருக்குக் கால் கிராம் கணக்குல.

வடிகால் இல்லாத காட்டுக்குத் தண்ணி கட்டறவன் என்ன பண்ணோணும் மாப்பிள்ளை? மடையில ஒரு கண்ணு வெச்சிருக்கோணும். கீழ்பவானி வாய்க்காலுக்கு மடை தொறந்து சாத்தற லஸ்கர் இருக்கறாப்பல, இந்த மடைக்கு லஸ்கர் நம்ம கல்லீரல். வலது பக்கம் வெலாவுக்கு அடியில, ஒண்ணரைக் கிலோ கனத்துல உக்காந்திருக்குது. கெடங்குல இரும்பு நெறைஞ்சா ஒரு சீட்டு எழுதி ரத்தத்துல வுடும். அந்தச் சீட்டுக்குப் பேரு ஹெப்சிடின். 25 அமினோ அமிலம் கோத்த துக்குளியூண்டு புரதம். 2000ம் வருசத்தை ஒட்டித்தான் கண்டுபுடிச்சாங்களாமா, அதுவும் கிருமியைக் கொல்ற சாமானுன்னு நெனச்சு. அப்பறம் பார்த்தா அதுதான் இரும்புக்குக் கணக்குப்புள்ளை. குடல் செவுத்துல இரும்பை ரத்தத்துக்குள்ள வுடற மதகு ஒண்ணு இருக்குது, ஃபெர்ரோபோர்ட்டின்னு. சீட்டு போய்ச் சேர்ந்தா மதகைச் சாத்தறது மட்டுமில்லை, கழட்டி உள்ள இழுத்து ஒடைச்சே போட்டுரும். இரும்பு கொறைஞ்சா சீட்டு வராது, மதகு தொறந்திருக்கும். எத்தனை நேர்த்தி பார்த்தீங்களா.

அந்த லஸ்கருக்குத்தான் நீங்க தெனம் பொழுதோட குவார்ட்டர் வாங்கிக் குடுக்கறீங்க.

நீங்க குடிக்கறதா நெனச்சுட்டு இருக்கறீங்க. நீங்க சும்மா ஊத்தறீங்க மாப்பிள்ளை, குடிக்கறது ஈரல். உள்ள போறதுல 100க்கு 90 பங்குக்கு மேல அதுதான் கரைச்சாகோணும். குவார்ட்டர்னா 180 மில்லி. பாட்டில் மேலயே 42.8 சதவீதம்னு போட்டிருக்குது. படிச்ச மாப்பிள்ளை, பெருக்கிப் பாருங்க. சுத்தமான சாராயம் 60 கிராம் வரும். ஈரல் மணிக்கு 7ல இருந்து 10 கிராம்தான் கரைக்கும். எட்டு மணிக்கு ஊத்திட்டு நீங்க கொறட்டை வுடறீங்க. அது விடியக்காலம் மூணு நாலு மணி வரைக்கும் நைட் ஷிப்ட் பார்க்குது. கூலியும் இல்லை, போனசும் இல்லை.

அதனால என்னாகுதுன்னா, லஸ்கர் சீட்டு எழுத மறந்துர்றாரு. கெடங்கு வழியறப்ப சீட்டு எச்சா எழுதோணும். ஒடம்புல புண்ணு, வீக்கம் இருந்தாலும் எச்சா எழுதோணும். குடிக்கறவங்க ஈரல்ல ரெண்டும் இருக்குது, இருந்தும் சீட்டு கம்மியாத்தான் வருது. 2006ல எலிகளுக்குச் சாராயம் கலந்த தண்ணியைக் குடுத்துப் பார்த்தாங்களாமா. ஹெப்சிடின் எறங்கிப்போச்சு. சாராயத்தை ஈரல் கரைக்காதபடிக்கு மருந்து குடுத்தப்ப எறங்கல. தீப்பொறியை அணைக்கற மருந்து குடுத்தப்பவும் எறங்கல. அப்ப லஸ்கரைக் கெடுக்கறது சாராயம்கறதை வுட, அதைக் கரைக்கறப்ப பறக்கற பொறிதான். எலிக்கு இது தெரிஞ்சு போச்சு. மாப்பிள்ளைகளுக்குத் தெரியறதுக்குத்தான் நாளாகுது.

பொறி என்னன்னு கேக்கறீங்களா? சாராயத்தைக் கரைக்க ஈரல்ல மொறையான பண்ணையாள் ஒருத்தன் இருக்கறான், ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ்னு பேரு. சும்மா எப்பவாச்சும் கொஞ்சம் வந்தா அவனே முடிச்சுருவான். தெனம் வண்டி வண்டியா வந்து எறங்குனா அவனால ஆகாது. ஈரல் வெளியாள் எடுக்கும். அந்த வெளியாளுக்குப் பேரு சைட்டோகுரோம் 2ஈ1. இப்படி இன்னொரு வழி இருக்குதுன்னு அமெரிக்காவுல சார்லஸ் லீபர், லியோனோர் டிகார்லின்னு ரெண்டு பேரு 1968ல எழுதுனாங்க. எத்தனை அடிச்சாலும் நான் ஸ்டெடின்னு மார்ல தட்டறீங்கல்ல, அதுல கொஞ்சம் இந்தாளோட கைங்கரியம். மீதி மூளை மரத்துப் போனது.

வேலைக்காரன்தானுங்க, குத்தம் சொல்லல. ஆனா தட்டுப்போருக்குப் பக்கத்துல நின்னு பீடி குடிச்சுக்கிட்டே வேலை செய்யற ஆளு. அவன் உதர்ற பொறிதான் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம். இன்னொரு குசும்பும் உண்டு. காலையில தலை வெடிக்குதுன்னு பாராசிட்டமால் ரெண்டு போடறீங்கல்ல, வெறும் வயித்துல? அதை வெசமா மாத்தறதும் இதே ஆளுதான். தெனம் குடிக்கறவங்களுக்கு அந்த மாத்திரை எத்தனை போடலாம்னு டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போடோணும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு உங்களுக்குத் தெரியாததில்லை. போன வருசம் வண்டியோட வாய்க்கால்ல எறங்குனீங்கல்ல, அன்னைக்கு மொழங்கால் புண்ணு மேல நர்ஸம்மா ஊத்துச்சே, பொசபொசன்னு நொரைச்சுதே, அதேதானுங்க. துளித்துளியா நம்ம ஒடம்புலயும் உண்டாகும். கேட்டலேஸ், குளூட்டாதயோன்னு ஆளுக இருக்கறாங்க, பட்டுன்னு தண்ணியாக்கிருவாங்க. குடிகாரர் ஈரல்ல குளூட்டாதயோன் வத்திப்போகும். பொறி பறக்கறப்ப தொட்டியில தண்ணி இல்லை. அந்த நேரம் பார்த்து அக்கட்டால கட்டு அவுந்த இரும்பு நிக்குது.

ஹென்றி ஃபென்டன்னு ஒரு வெள்ளைக்காரர், கேம்பிரிட்ஜ்ல. 1894ல எழுதி வெச்சிருக்கறாரு. டார்டாரிக் அமிலம், அதானுங்க நம்ம புளியில இருக்கற புளிப்பு, அதுல பெராக்சைடோட துளி இரும்பைச் சேர்த்திருக்கறாரு. ஆடாம அசையாம இருந்த அமிலம் சிதைஞ்சு போச்சு. தனியா பெராக்சைடு சாது. தனியா இரும்பும் சாது. ரெண்டையும் ஒரு ரூம்புல வுட்டா ஹைட்ராக்சில்னு ஒண்ணு பொறக்கும். கண்ணு சிமிட்டற நேரத்தை 10 கோடிப் பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான் அதோட ஆயுசு. பொறந்த எடத்துலயே பக்கத்துல எது இருக்குதோ அதைக் கடிச்சுட்டுச் செத்துப்போகும். கொழுப்பு இருந்தா கொழுப்பு, புரதம் இருந்தா புரதம், டிஎன்ஏ இருந்தா டிஎன்ஏ. அதைப் புடிச்சு வெக்க மருந்தெல்லாம் ஓடி எட்டாதுங்க. அதனாலதான் ஒடம்பு இரும்பை எப்பவும் வெலங்கு போட்டே வெச்சிருக்கும். ரத்தத்துல போறப்ப டிரான்ஸ்ஃபெரின்னு வண்டி, ஒரு வண்டிக்கு ரெண்டே அணு. கெடங்குல ஃபெரிட்டின்னு குதுரு, ஒரு குதுருல 4,500 அணு வரைக்கும் அடைக்கலாம். அந்தக் குதுரு எண்ணிக்கையைத்தான் நீங்க சலூன்ல வாசிச்சீங்க.

கடலெண்ணெயைத் துருப்புடிச்ச டின்னுல ஊத்தி வெய்யில்ல வெச்சா என்னாகும்? உங்க மாமியாரைக் கேளுங்க. காறிப்போகும். அந்த எண்ணெயில பலகாரம் சுட்டா நாய் திங்காது. ஈரல்ல நடக்கறதும் அட்சரம் பிசகாம அதேதான். நெறைய குடிக்கறவங்கள்ல 100க்கு 90 பேருக்கு ஈரல்ல கொழுப்பு ஏறிரும். எண்ணெய் ரெடி. இரும்பு ரெடி. பொறி தெனம் பறக்குது. ஈரலோட செல்லுச் செவுரே காறிப்போகுதுங்க, அதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்னு பெருசாப் பேரு வெச்சிருக்கறாங்களாமா. காறல்னு சொன்னா நம்ம ஊட்டுப் பொம்பளைங்க அன்னைக்கே சாராயத்தைத் தெருவுல ஊத்தியிருப்பாங்க. இப்படிக் காறிக்காறி, சும்மா கெடந்த செல்லுக சில நார் நூக்க ஆரம்பிச்சுரும். ஈரல் தழும்பாகி, சுருங்கி, காஞ்ச சொரக்குடுக்கையாட்டம் ஆயிரும்.

எல்லாருக்குமா ஆகுதும்பீங்க. இல்லீங்க. நெறையக் குடிக்கறவங்கள்ல 100க்கு 10, 20 பேருக்குத்தான் அத்தனை தூரம் போகுது. லாட்டரியில என்னைக்காச்சும் இத்தனை நல்ல வாய்ப்பு இருந்திருக்குதுங்களா, சொல்லுங்க.

என்ற சேக்காளி ஒருத்தன் இருந்தான். அவனும் ஸ்டெடிதான். மொகம் வத்தி, கண்ணு மஞ்சளாகி, வயிறு மட்டும் நெறைமாசமாட்ட நின்னுது. ஆஸ்பத்திரியில தண்ணியை எறக்கி எறக்கி வுட்டாங்க, ரெண்டு வாரத்துல மறுக்காச் சேர்ந்துக்கும். எழவு ஊட்டுல பந்தலுக்குப் பொறத்தால நாலு பேரு அவன் நெனப்புல பாட்டில் ஒடைச்சாங்க. அதுல நீங்களும் இருந்தீங்க மாப்பிள்ளை. நான் பார்க்கலைன்னு நெனச்சீங்களா?

நான் ஒண்ணும் யோக்கியன் இல்லீங்க. வெடிஞ்சதும் பனையடியில நின்ன ஆளுதான். 1987ல கள்ளை நிறுத்துனாங்க, அன்னைக்கு நானும் நிறுத்துனேன். திருந்தியெல்லாம் இல்லை, கெடைக்கல. கவர்மெண்டு என்ற ஈரலைக் காப்பாத்திப் போட்டு, அப்பறம் 2003ல தானே கடையைத் தொறந்து உங்க ஈரலுக்குக் கைய வெச்சுது. ஒரு தலைமுறைக்கு ஒரு நியாயம்.

குடியோட இரும்பும் சேர்ந்தா என்னாகும்கறதுக்குத் தென்னாப்பிரிக்காவுல ஒரு சங்கதி நடந்திருக்குதுங்க. அங்கத்திய ஊர்க்காரங்க தானியத்துல பீர் காய்ச்சறது வழக்கம், இரும்புப் பானையிலயும் டிரம்முலயும். புளிச்ச பீரு இரும்பை அரிச்சு எடுத்துக்கும். லிட்டருக்கு 40ல இருந்து 80 மில்லிகிராம் வரைக்கும் இரும்பு. ஒடம்புக்கு வேண்டியது ஒண்ணு ரெண்டு, உள்ள போனது லிட்டர் கணக்குல. ஈரல் துருவாப் போச்சு. 1929லயே ஸ்டிராச்சன்னு ஒரு டாக்டர் இதைக் குறிச்சு வெச்சாரு. என்றது கண்ணாடிப் பாட்டில், அதுல இரும்பு எங்க வருதும்பீங்க. பாட்டில்ல இல்லீங்க, வட்டல்ல வருது. மதகுதான் தொறந்து கெடக்குதே. ராகியில வர்றதும் உள்ள போகும், கறியில வர்றதும் உள்ள போகும்.

அதுவும் உங்க சைட் டிஷ் இருக்குது பாருங்க! ஈரல் வறுவல், சுவரொட்டிங்கற மண்ணீரல். ஆட்டு ஈரலைத் தின்னு சொந்த ஈரலைக் கொல்ற சாமர்த்தியம் வேற எந்த உசுருக்கும் வராது. சுவரொட்டி ஆருக்கு வாங்கறது? ரத்தமில்லாத பொம்பளைக்கு, புள்ளை பெத்தவளுக்கு. ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான் வரும். கறிக்கடைக்காரன் உங்க மூஞ்சிக்கு எடுத்து வெக்கறான், நீங்க பொட்டலம் கட்டிக் கடைக்குப் பக்கத்துல போயித் திங்கறீங்க. மூச்சு வாங்கறவ ஊட்டுல ரசஞ்சோறு.

ஆஸ்திரேலியாவுல 2002ல ஒரு கணக்கெடுத்தாங்களாமா. லஸ்கர் சீட்டு எழுதறது பொறப்புலயே பழுதான ஆளுக வெள்ளைக்காரங்கள்ல கொஞ்சம் பேரு உண்டு. அவங்கள்ல தெனம் 60 கிராமுக்கு மேல குடிச்சவங்களுக்கு, கம்மியாக் குடிச்சவங்களை வுட ஈரல் சுருங்கற வாய்ப்பு ஒம்போது மடங்கா இருந்துதாமா. 60 கிராம்னா எத்தனைன்னு இப்பத்தான் பெருக்குனீங்க. அந்தப் பொறவிப் பழுது நம்ம பக்கம் அபூர்வம். அதனால என்னுங்க, மாப்பிள்ளை காசு போட்டே அதைச் சம்பாதிச்சுட்டீங்க.

வைட்டமின் மாத்திரை போட்டுக்கிட்டே குடிச்சா பொறி அணைஞ்சுருமில்லன்னு கேப்பீங்க, தெரியும். எலிக்கு ஆச்சு. மனுசனுக்கு வைட்டமின் ஈ குடுத்துப் பார்த்ததுல சொல்லிக்கறாப்பல ஒண்ணும் ஆகல. ஒரு கையில பீடிக்காரனைக் கூட்டிட்டு வந்து போருக்குள்ள வுட்டுட்டு, இன்னொரு கையில செம்புத் தண்ணியோட நின்னா ஆருங்க சிரிக்க மாட்டாங்க.

ஒரு நியாயம் சொல்லிர்றேன். 900ன்னு வந்ததெல்லாம் இரும்புதான்னு இல்லையாமா. ஈரல் புண்ணானாலும் ஃபெரிட்டின் ஒழுகி ரத்தத்துல ஏறுமாமா. டிரான்ஸ்ஃபெரின் வண்டியில எத்தனை பங்கு சரக்கு ஏறியிருக்குதுன்னும் பார்த்தாத்தான் கணக்கு நேராகும். அதையும் பார்க்கச் சொல்லோணும். ஆக, நீங்க இரும்பு மனுசனா, வெறும் புண்ணு மனுசனான்னே இன்னும் முடிவாகல. சலூன்ல அவசரப்பட்டுட்டீங்க.

டாக்டர்கிட்ட நான் குடிக்கறதே இல்லீங்க சார்னீங்களாமா? அந்த வண்டியே காட்டிக் குடுத்துரும் மாப்பிள்ளை. டிரான்ஸ்ஃபெரின் மேல சர்க்கரையில கட்டுன குஞ்சம் தொங்குமாமா, சல்லடத்துல சலங்கையாட்ட. ரெண்டு வாரம் தொடர்ந்து குவார்ட்டர் கணக்குல ஊத்துனா குஞ்சம் இல்லாத மொட்டை வண்டி எச்சா ஓடும். அதை எண்ணறதுக்குன்னே ஒரு பரிசோதனை இருக்குது. குடியை நிறுத்துன ரெண்டு மூணு வாரத்துக்கு அப்பறம்தான் வண்டி பழையபடி குஞ்சம் கட்டிக்கும். பாக்குப் போட்டு வாடையை மறைக்கலாம், ஏலக்காய் மெல்லலாம். ரத்தத்துக்குள்ள போயி ஆரு குஞ்சம் கட்டறது?

கோவிச்சுக்காதீங்க. இந்த ஈரல் இருக்குதே, நம்ம ஊர்ப் பொம்பளைங்க மாதிரி, அத்தனை அடி வாங்கியும் ஒரு சந்தர்ப்பம் குடுக்கும். கொழுப்பு ஏறுன அளவுலயே நிறுத்துனா சில வாரத்துல கரைஞ்சுரும். ஃபெரிட்டினும் தானா எறங்கும். தழும்பாகிப் போச்சுன்னா அத்தனை லேசுல திரும்பாது, ஆனா அப்பவும் நிறுத்துனவன்தான் எச்சா நாள் இருக்கறான்.

நாளைக்கே நிறுத்தறேன்னு வீராப்பா மட்டும் எறங்காதீங்க. காலையில கை நடுங்குதுங்களா உங்களுக்கு? மறைக்காதீங்க, டம்ளர் ஆடறதை நான் பார்த்துட்டுத்தான் இருக்கறேன். தெனம் குடிச்ச ஒடம்பு பொசுக்குன்னு நிறுத்துனா வலிப்பு வந்தாலும் வரும், புத்தி தடுமாறுனாலும் தடுமாறும். டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லி, அவிய சொல்றாப்பல நிறுத்தோணும். திங்கக்கெழமை காலையில ஏழு மணி பஸ். நானும் கூட வர்றேன். பஸ்ஸுக்கு நாந்தான் டிக்கெட் எடுப்பேன், அந்தக் காசை நீங்க மிச்சம் புடிச்சு என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும்.

அந்தச் சீட்டை மடிச்சு உள்ள வெய்யுங்க. எலை போட்டாச்சு. கறிக்கடையில சொல்லி வெச்சுக் காலையில நானே போயி சுவரொட்டி வாங்கியாந்தேன். அது பேத்திக்கு. உங்களுக்கு ரசமுங்க மாப்பிள்ளை.